சன்னது யாருக்காகப் பறிக்கப்படுகிறது?

சென்ற குறுவை நடவுக்குச் சில தினங்களுக்கு முன்பு, வெண்ணாற்றங்கரைக் கிராமமொன்றிலிருந்து ஒரு முதிய குடியானவர் நம்மைத் தேடி வந்தார். அவருடைய மூன்று மா நிலத்தைச் சாலைக்காக ஸர்க்கார் எடுத்துக்கொண்டது. கொடுத்த நஷ்டஈடு போதாதென்று அவர் வழக்காடினார், ஜயித்தார். கூடுதல் தொகையும் வந்து சேர்ந்தது. ஆனால் அது வந்து சேர்ந்த இடம் அவருடைய வக்கீலின் கை. அதில் பாதிக்குச் சற்று அதிகமாகக் கிழவரிடம் கொடுத்துவிட்டு, மிச்சம் ஃபீஸுக்கும் செலவுக்கும் சரியாகிவிட்டது என்று வக்கீல் சொல்லிவிட்டாராம். கணக்குக் கேட்டதற்குப் பதில் இல்லை; வழக்குக் கட்டைத் திருப்பிக் கேட்டதற்குக் கோபம்தான் பதில்.

"ஐயா, இதை யாருகிட்டச் சொல்லிக்கிறது?" என்று அவர் கேட்டார். நாமும் கறுப்பு அங்கி தரித்துத் தஞ்சாவூர்க் கோர்ட்டு வராந்தாவில் சில வருஷங்கள் நடந்தவர்களே. ஆகையால் அந்தக் கேள்வி நம்மையும் சேர்த்தே கேட்கப்பட்டதாக உணர்ந்தோம்.

வக்கீலின் சன்னதைப் பறிக்கும் அதிகாரம் இந்நாட்டில் புதிதன்று. 1865-ஆம் வருஷத்து அரச சாஸனம் அதை ஹைக்கோர்ட்டுக்கு அளித்தது. 1879-ஆம் வருஷத்துச் சட்டம், நடத்தைக் குறைவைக் காட்டும் குற்றத்துக்காகத் தண்டனையடைந்த பிளீடரை நீக்கலாம் என்றது. கேட்பதற்கு நியாயமான விதிதான். ஆனால் எந்த நடத்தையைக் குறைவென்று அக்காலத்து ஆட்சியாளர் கருதினார்கள் என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும்.

ஸ்ரீ வ. உ. சிதம்பரம் பிள்ளை பிளீடர். கட்சிக்காரரின் பணத்தை அவர் தொட்டதில்லை. ஸ்வதேசிக் கப்பல் விட்டார்; தூத்துக்குடி மில் தொழிலாளருக்காகப் பேசினார். 1908-ஆம் வருஷம் ஜூலை மாதம் ஜட்ஜ் பின்ஹே அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். பின்னர் ஹைக்கோர்ட்டு அதை ஆறு வருஷமாகக் குறைத்தது. 1912-ஆம் வருஷக் கடைசியில் சிறையிலிருந்து வெளிவந்தபோது அவருக்குக் கப்பலும் இல்லை, சன்னதும் இல்லை. ஏழைகளுக்காகக் காசு வாங்காமல் வாதாடிய அந்த மனிதர் சிறு வியாபாரம் செய்தும் நண்பர்கள் உதவியைக் கொண்டும் காலந்தள்ளினார். வாலஸ் என்ற ஆங்கில நீதிபதியின் முயற்சியால் சன்னது பல வருஷங்களுக்குப் பின் திரும்பக் கிடைத்தது. அந்த நன்றியை மறவாமல் தம் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயரிட்டார் சிதம்பரம் பிள்ளை. பறித்தவர்கள் பெயரை மறந்து, திருப்பித் தந்தவர் பெயரை வீட்டில் வைத்துக் கூப்பிட்ட பெருந்தன்மையை என்னென்பது!

ஆமதாபாத்தில் ரௌலட் சட்டத்துக்கு எதிராகச் சத்தியாக்கிரகப் பிரதிக்ஞையில் கையெழுத்திட்ட வக்கீல்கள்மீது 1919-இல் ஜில்லா ஜட்ஜ் பம்பாய் ஹைக்கோர்ட்டுக்கு எழுதினார். அக்கடிதத்தைத் தமது பத்திரிகையில் வெளியிட்ட காந்தியடிகள் 1920-இல் கோர்ட்டு அவமதிப்புக்காகக் கண்டிக்கப்பட்டார். 1922-இல் அவர் ராஜத்துரோகக் குற்றத்துக்காக எரவாடாச் சிறையிலிருக்கையில், லண்டன் இன்னர் டெம்பிள் சங்கம் அவர் பெயரையே பாரிஸ்டர் ஜாபிதாவிலிருந்து அடித்துவிட்டது. மீண்டும் எழுதியது 1988-இல். மஹாத்மா மறைந்து நாற்பது வருஷமான பிறகு!

இவையெல்லாம் எதைக் காட்டுகின்றன? சன்னதைப் பறிக்கும் கத்தி ஸர்க்காரின் கையில் இருந்த வரையில், அது ஸர்க்காருக்கு ஆகாதவர்கள்மீதே மிகுந்த சுறுசுறுப்போடு விழுந்தது என்பதைத்தான். ஆகவே ஸ்வதந்திர இந்தியா 1961-ஆம் வருஷத்து வக்கீல்கள் சட்டத்தின் மூலம் அந்தக் கத்தியை வக்கீல்களிடமே ஒப்படைத்தது. வக்கீல்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட பார் கௌன்சிலில் மூவர் அடங்கிய ஒழுங்குக் கமிட்டி விசாரிக்கும். எச்சரிக்கலாம், சில காலம் நிறுத்தி வைக்கலாம், பெயரையே நீக்கலாம். அதற்குமேல் இந்தியப் பார் கௌன்சிலுக்கும், பிறகு ஸுப்ரீம் கோர்ட்டுக்கும் அப்பீல் உண்டு. தொழிலின் சுதந்திரத்துக்கு இது அவசியம் என்றே நாம் இன்றும் கருதுகிறோம்.

ஆனால் ஒப்படைத்தது கத்தியை உறையில் போட்டு வைக்கவா?

தமிழ்நாட்டு வழக்கொன்று 1978-இல் ஸுப்ரீம் கோர்ட்டு வரை சென்றது. காது முற்றிலும் கேளாத எழுபது வயதுக் கிழவரும் அவர் மனைவியும் பிராமிஸரி நோட்டுக் கடனை வசூலிக்க ஒரு வக்கீலை அமர்த்தினார்கள். கோர்ட்டு ஸ்டாம்புக்கும் பணம் கொடுத்தார்கள். வழக்குத் தாக்கலாகவே இல்லை. தாக்கலாகிவிட்டது என்று சொல்லிச் சொல்லியே கெடுவும் கடந்துவிட்டது. மாகாணக் கமிட்டி அவரை ஆறு வருஷம் நிறுத்தி வைத்தது. இந்தியப் பார் கௌன்சில் அதை ஒரு வருஷமாகக் குறைத்தது. ஸுப்ரீம் கோர்ட்டில் நீதிபதி கிருஷ்ணய்யர் நூதனமான தீர்ப்பொன்று அளித்தார்: குற்றம் செய்தவர் ஏழைகளுக்கு இலவச சட்ட உதவி செய்து கழுவாய் தேட வேண்டும், ஏமாந்தவருக்கு 2,500 ரூபாய் தரவும் வேண்டும். உடனிருந்த நீதிபதி ஏ. பி. ஸென் இதற்கு உடன்படவில்லை.

கிருஷ்ணய்யரின் கருணையை நாம் மதிக்கிறோம். எனினும் நம் மனம் ஸென் பக்கமே சாய்கிறது. ஓர் ஏழையை ஏமாற்றியவரை வேறு ஏழைகளுக்குத் துணையாக அனுப்புவது அந்த ஏழைகளுக்கு எவ்வகையில் உபகாரம்? ஆனால் பணம் திரும்ப வர வேண்டும் என்ற அந்தத் தீர்ப்பின் பகுதி மட்டும் பொன்னானது. சன்னது போனதால் மட்டும் கட்சிக்காரனின் வீட்டில் உலை ஏறுவதில்லை.

காவேரிப் படுகையில் இது சிறு விஷயமன்று. வாய்க்கால் தகராறு, வரப்புத் தகராறு, குத்தகை, பாகப்பிரிவினை என்று தஞ்சை ஜில்லா கோர்ட்டுகளுக்கு வேலை குறைந்ததே இல்லை. மேட்டூர் திறக்கும் ஜூன் 12-ஆந் தேதி எவ்வளவு நிச்சயமற்றதோ அவ்வளவு நிச்சயம் வழக்குகள். மாயவரத்தில் முன்சீபாக இருந்த வேதநாயகம் பிள்ளை, தமிழ் பேசும் கட்சிக்காரனின் வழக்கைத் தமிழ்நாட்டுக் கோர்ட்டில் இங்கிலீஷில் வாதிக்கும் வக்கீல்களைத் தமது 1879-ஆம் வருஷத்து நாவலிலேயே நையாண்டி செய்தார். தனக்காக என்ன பேசப்படுகிறது என்று அறியாத கட்சிக்காரன், தன் பெயரில் என்ன வாங்கப்படுகிறது என்று எப்படி அறிவான்? வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கும் வழக்கம் இன்னும் ஒழிந்தபாடில்லை. இதே ஜில்லாவில் பிறந்த முத்துஸ்வாமி ஐயர், மாதம் ஒரு ரூபாய்ச் சம்பளத்தில் தொடங்கிச் சென்னை ஹைக்கோர்ட்டின் முதல் இந்திய நீதிபதியாக உயர்ந்தார் என்று மேடைகளில் பெருமை பேசுகிறோம். பேசட்டும்.

விதிகளுக்குக் குறைவில்லை. வழக்கின் பலனில் பங்கு பேசக்கூடாது. கட்சிக்காரரின் பணத்துக்குத் தனிக் கணக்கு வைக்க வேண்டும். பங்கு பேசிய ஒரு ஸீனியர் அட்வொகேட்டை 1954-லேயே ஸுப்ரீம் கோர்ட்டு தண்டித்தது. ஃபீஸ் பாக்கிக்காகக் கட்டைப் பிடித்து வைக்க வக்கீலுக்கு உரிமையில்லை என்று 2000-இல் தீர்ப்பாகிவிட்டது. 1879-ஆம் வருஷத்துச் சட்டம் 2023-ஆம் வருஷத்துத் திருத்தச் சட்டத்தால் ரத்தாயிற்று. ஆனால் கட்சி பிடிக்கும் தரகர்களின் ஜாபிதா தயாரிக்கும் அதிகாரம் மட்டும் ஜில்லா ஜட்ஜுக்கும் கலெக்டருக்கும் தொடர்கிறது. ஆஸ்பத்திரி வாசலிலும் பஸ் ஸ்டாண்டிலும் நிற்கும் தரகர்களை ஜாபிதா இல்லாமலே ஊர் அறியும்.

2016-இல் சென்னை ஹைக்கோர்ட்டு, வக்கீல்களைத் தடைசெய்யும் அதிகாரத்தைத் தானே எடுத்துக்கொண்டு புது விதிகள் செய்தது. மாகாணம் முழுதும் வக்கீல்கள் கோர்ட்டைப் பகிஷ்கரித்தார்கள். 2019 ஜனவரியில் ஸுப்ரீம் கோர்ட்டு அவ்விதிகளைச் செல்லாதென்றது. அத்தீர்ப்பு சரியே. ஜட்ஜின் முகம் பார்த்து வாதாடும் வக்கீல் நமக்கு வேண்டாம். ஆனால் அந்த விதிகள் பெரும்பாலும் ஜட்ஜுகளின் கௌரவத்தைப் பற்றியவை. அவற்றை எதிர்த்த கூட்டங்கள் வக்கீல்களின் கௌரவத்தைப் பற்றியவை. கட்சிக்காரன் எந்தப் பக்கத்திலும் இல்லை. பகிஷ்கார நாட்களில் அவன் பஸ் சத்தம் கொடுத்து வந்து வெறுங்கையோடு திரும்பினான்.

2024 மே மாதத்தில், வக்கீல் தொழில் வியாபாரமல்ல, ஆகவே நுகர்வோர் சட்டத்தின்கீழ் வராது என்று தீர்ப்பாயிற்று. ஸிவில் வழக்குப் போடலாமே என்கிறார்கள். போடலாம். அதற்கு இன்னொரு வக்கீலை அமர்த்த வேண்டும்! இப்படி ஒவ்வொரு கதவும் சாத்தப்பட்ட பிறகு பார் கௌன்சில் ஒன்றே எஞ்சுகிறது. அது சென்னையில் ஹைக்கோர்ட்டு வளாகத்தில் இருக்கிறது. புகாரை ஒரு வருஷத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது சட்டம். முடிக்காவிட்டால்? விசாரணை டில்லிக்கு மாறிவிடும்! சென்னையே தொலைவாக இருக்கும் குடியானவனுக்கு எத்தகைய சலுகை, பாருங்கள்.

நாம் கேட்பது பெரிதன்று. ஒழுங்குக் கமிட்டி தஞ்சாவூர், திருச்சி, மதுரை போன்ற ஊர்களுக்குத் தானே வந்து உட்காரட்டும். தமிழில் எழுதிய மனுவைத் தமிழிலேயே விசாரிக்கட்டும். தண்டனையடைந்தவர்களின் பெயர்களை ஒவ்வொரு கோர்ட்டு வாசலிலும் ஒட்டட்டும். கமிட்டியில் வக்கீல் அல்லாத ஒரு பெரியவரும் இருக்கட்டும். ஏனெனில், நாளை ஓட்டுக் கேட்கப் போக வேண்டியவரை இன்று கடுமையாகத் தண்டிப்பது எவருக்கும் எளிதன்று. இதைச் சொல்வதால் வக்கீல் நண்பர்கள் சிலர் நம்மைக் கோபிப்பார்கள். கோபிப்பவர்கள் தங்கள் கட்சிக்காரர் கணக்கை முதலில் எடுத்து வைக்கட்டும்.

கிழவரின் மனுவை நாமே தமிழில் எழுதிக் கொடுத்தோம். ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பச் சொன்னோம். வாசற்படி இறங்கியவர் திரும்பி வந்து, "சென்னைக்குக் கூப்பிட்டா நடவு முடிஞ்சு கூப்பிடச் சொல்லி ஒரு வரி சேத்துப் போடுங்கய்யா" என்றார். சேர்த்துப் போட்டோம்.