வேலியோரத்து மலர்

எவரும் விதை தூவவில்லை, நாற்றும் நடவில்லை. ஆயினும், மழை பெய்ததும் தோட்டத்து வேலியோரத்தில் ஒரு கொடி முளைக்கின்றது. ஐப்பசி, கார்த்திகைத் திங்களில் பூக்கின்றது. மழைக்காலம் கழிந்தபின் இலையும் தண்டும் காய்ந்து மறைகின்றன. மறு ஆண்டு மழையில் அதே இடத்தில் மீண்டும் தலைகாட்டுகின்றது. அக்கொடியின் பெயர் யாது? கண்டாரை வினவின், பூ மஞ்சள் நிறம் என்பார் ஒருவர். சிவப்பு என்பார் மற்றொருவர். பச்சை என்று சாதிப்பாரும் உளர்.

மூவர் கூற்றும் மெய்யே. இம்மலர் அரும்பாக இருக்கும்போது பசுமை நிறத்தது. விரியத் தொடங்கியதும் மஞ்சளாகி, நுனியில் செம்மை பரந்து, சில நாட்களில் இதழ் முழுதும் தீக்கொழுந்து போலச் சிவந்துவிடும். ஒரே கொடியில் இந்நிறங்கள் எல்லாம் ஒருங்கே காணப்படுதலும் உண்டு. பெயர் அறிய விரும்புவோர் முதலில் நோக்குவது நிறத்தையே. எளிதில் ஏமாற்றுவதும் அதுவே.

இக்கொடியை அறிவதற்கு இலை பெருந்துணையாகும். மேலிலைகளின் நுனி நீண்டு சுருண்டு, பற்றுக்கம்பியாகி, அருகிலுள்ள கொம்பைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். அவரைக்கொடி தண்டினாலேயே சுற்றி ஏறுகின்றது. பாகற்கொடிக்குப் பற்றுக்கம்பிகள் தனியே உண்டு. இதற்கோ இலை நுனியே கையாகும். இனிப் பூவை நோக்கினால், அது தலைகவிழ்ந்து நிற்க, ஓரம் நெளிந்த ஆறு இதழ்களும் மேல்நோக்கி மடங்கியிருக்கும். மகரந்தத் தாள்களும் ஆறே. சூல்தண்டு மட்டும் அடியிலேயே மடிந்து ஒருபுறமாக நீண்டிருக்கும். இவ்வடையாளங்கள் யாவும் ஒருங்கே அமைந்த மலர் செங்காந்தள்.

கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிக் கூறும் மலர்களுள் முதலாவது காந்தளே. சங்கப் புலவர் மகளிரின் மெல்விரல்களுக்கு இதனை உவமை கூறினர். தமிழ்நாட்டின் மாநில மலரும் இதுவே. ஊரார் இதனைக் கார்த்திகைப்பூ என்றும் கண்வலிப்பூ என்றும் வழங்குவர். சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயசு 1753-ஆம் ஆண்டில் ‘குளோரியோசா சூப்பர்பா’ எனப் பெயரிட்டார்.

கலப்பைக்கிழங்கு என்பது மற்றொரு பெயர். மண்ணுள் இருக்கும் கிழங்கு கவைத்து, ஏரின் வடிவில் வளைந்திருத்தலின் இப்பெயர் பெற்றது. பெயர்களுள் இதுவே மிகவும் பயனுடையது. ஏனெனில், கொடி காய்ந்த காலத்தில் மண்ணைக் கிளறுவோர் இதனை வள்ளிக்கிழங்கு என மயங்குதல் கூடும். அங்ஙனம் மயங்கி உண்டு உயிர் துறந்தோரும் உளர். இச்செடியின் எல்லா உறுப்புகளிலும் கோல்சிசின் என்னும் நஞ்சு உண்டு. அவித்தாலும் அது நீங்காது. உண்ட சில மணி நேரத்தில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கும். ஆகவே, பெயர் அறியாத கிழங்கை நாவினால் சோதித்தல் ஒருபோதும் ஆகாது.

அந்நஞ்சே, மருத்துவர் அளவறிந்து கொடுக்குமிடத்து, கவுட் என்னும் மூட்டுநோய்க்கு மருந்தாகின்றது. அதன்பொருட்டு மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கத்து உழவர் விதைக்காக இதனைப் பயிரிடுகின்றனர். சூல்தண்டு விலகி நிற்றலின், பூந்தாது தானே அதன் முடியைச் சென்று சேர்தல் அரிது. ஆதலால், காலை வேளையில் பூதோறும் சென்று, தாதினை எடுத்துச் சூல்முடியில் தம் கையாலேயே தடவுகின்றனர்.