ஆய்வுக் கட்டுரையில் பெயரும் பொறுப்பும்

புதிய நெல் வகையைப் பரிந்துரைக்கும் வேளாண்மை அலுவலரும், மருந்தின் அளவை முடிவு செய்யும் மருத்துவரும், பாலத்தின் தாங்குதிறனைக் கணிக்கும் பொறியாளரும் தாம் நேரில் காணாத ஆய்வுகளை நம்பியே செயற்படுகின்றனர். இந்த நம்பிக்கைக்கு ஆதாரமாக இருப்பவை ஆய்வுக் கட்டுரையின் தலைப்புக்குக் கீழே அச்சிடப்பெறும் பெயர்களாகும். அப்பெயர்கள் இரண்டு செய்திகளைத் தெரிவிக்கின்றன. இப்பணியைச் செய்தவர் யார் என்பது ஒன்று; இதில் பிழை காணப்பட்டால் விடையளிக்க வேண்டியவர் யார் என்பது மற்றொன்று. முன்னது பெருமை, பின்னது பொறுப்பு. பொறுப்பை ஏற்காமல் பெருமையை மட்டும் பெற விழையும் போக்கே ஆய்வு வெளியீட்டில் காணப்படும் பல சீர்கேடுகளுக்கு அடிப்படையாகும்.

இரு முன்மாதிரிகள்

நேர்மையான வெளியீட்டுக்கு நம் நாட்டு அறிவியல் வரலாற்றிலேயே எடுத்துக்காட்டுகள் உள்ளன. 1924-ம் ஆண்டில் டாக்கா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சத்தியேந்திரநாத் போஸ், ஒளியின் கதிர்வீச்சு விதியைப் புதிய முறையில் நிறுவும் கட்டுரை ஒன்றை ஐன்ஸ்டைனுக்கு அனுப்பினார். அதன் சிறப்பை உணர்ந்த ஐன்ஸ்டைன், தாமே அதனை ஜெர்மன் மொழியில் பெயர்த்து, அந்நாட்டு இயற்பியல் ஆய்விதழில் வெளிவரச் செய்தார். அக்கட்டுரை போஸின் பெயரில் மட்டுமே வெளிவந்தது. உலகப் புகழ் பெற்ற அறிஞர் தம்மை மொழிபெயர்ப்பாளர் என்று மட்டுமே குறித்துக்கொண்டு, கட்டுரையைப் பாராட்டி ஒரு குறிப்பும் சேர்த்தார். பரிந்துரைத்தல், மொழிபெயர்த்தல், செல்வாக்கால் உதவுதல் ஆகியவை ஒருவரைக் கட்டுரையாளர் ஆக்குவதில்லை என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

மற்றொன்று 1928-ம் ஆண்டில் கல்கத்தாவில் நிகழ்ந்தது. சர் சி. வி. ராமனின் புகழ்பெற்ற கண்டுபிடிப்பு, அவ்வாண்டு மார்ச் 31-ம் நாளிட்ட 'நேச்சர்' இதழில், ராமன், கே. எஸ். கிருஷ்ணன் ஆகிய இருவரின் பெயரோடும் வெளிவந்தது. சோதனைகளில் உடனுழைத்த இளைய ஆய்வாளரின் பங்கு இவ்வாறு அச்சில் பதிவாயிற்று. 1930-ம் ஆண்டில் நோபல் பரிசு ராமன் ஒருவருக்கே வழங்கப்பெற்ற போதிலும், கிருஷ்ணனின் பங்கினை அந்தக் கட்டுரை இன்றளவும் எடுத்துரைக்கிறது. பரிசுகளும் பதவிகளும் எவ்வாறு பகிரப்பட்டாலும், உழைப்பின் உண்மைப் பதிவாக எஞ்சுவது கட்டுரையே.

யார் கட்டுரையாளர்?

மருத்துவ ஆய்விதழ் ஆசிரியர்களின் பன்னாட்டுக் குழு இதற்கு நான்கு நிபந்தனைகளை வகுத்துள்ளது. ஆய்வைத் திட்டமிடுவதிலோ, தரவுகளைத் திரட்டுவதிலோ, பகுத்தாய்வதிலோ, அவற்றுக்குப் பொருள் காண்பதிலோ குறிப்பிடத்தக்க பங்கு இருத்தல் வேண்டும். கட்டுரையை எழுதுவதிலோ, அதன் கருத்தை ஆராய்ந்து திருத்துவதிலோ ஈடுபட்டிருத்தல் வேண்டும். இறுதி வடிவத்துக்கு ஒப்புதல் அளித்திருத்தல் வேண்டும். ஆய்வின் எப்பகுதி குறித்து ஐயம் எழுந்தாலும் அதனை ஆராய்ந்து தீர்க்கும் பொறுப்பை ஏற்றல் வேண்டும். இந்நான்கும் ஒருங்கே அமைந்தவரே கட்டுரையாளர். நான்காவது நிபந்தனை 2013-ம் ஆண்டில் சேர்க்கப்பெற்றது.

நிதி பெற்றுத் தந்தவர், ஆய்வுக்கூடம் அளித்த துறைத் தலைவர், கருவியை இயக்க மட்டும் உதவியவர், மொழிநடையைச் செப்பம் செய்தவர் ஆகியோர் நன்றியுரையில் இடம்பெற வேண்டியவர்களே. நன்றியுரை தாழ்ந்த இடம் அன்று. உதவியை உள்ளவாறு கூறும் இடம் அது.

இந்த அளவுகோலைக் கொண்டு நோக்கினால் இருவகைத் தவறுகள் புலப்படும். பங்கு இல்லாதவரின் பெயரைச் சேர்ப்பது ஒன்று. பங்கு உள்ளவரின் பெயரை விட்டுவிடுவது மற்றொன்று. ஓர் ஆய்வு மாணவர் மூன்று ஆண்டுகள் வயல்களில் அலைந்து மண் மாதிரிகளைத் திரட்டி, முடிவுகளை ஆராய்ந்து, கட்டுரையின் முதல் வரைவையும் எழுதுகிறார் எனக் கொள்வோம். அச்சில் அவர் பெயர் நான்காவதாக வருகிறது. முன்னுள்ள மூவரில் இருவர் அவ்வயல்களைக் கண்டதே இல்லை. பட்டமும் பரிந்துரைக் கடிதமும் மேலுள்ளவர் கையில் இருப்பதால் மாணவர் வாய் திறப்பதில்லை. அடுத்த நேர்முகத் தேர்வில் அவர் பணி வாய்ப்பை இழக்கக்கூடும். அவரைப் பின்பற்றி வரும் இளையவர்களோ, இதுவே வழக்கம் என்று கற்றுக்கொள்வர்.

மதிப்பெண் முறையின் விளைவு

தனிமனிதரின் பேராசை மட்டுமே இதற்குக் காரணம் எனக் கூறுவதற்கில்லை. பல்கலைக்கழக மானியக் குழு ஆசிரியர் நியமனம், பதவி உயர்வு குறித்து 2018-ம் ஆண்டில் வகுத்த ஒழுங்குமுறையில், கூட்டுக் கட்டுரைகளுக்கு மதிப்பெண் பகிரும் முறை குறிப்பிடப்பெற்றது. இருவர் எழுதினால் ஒவ்வொருவருக்கும் மொத்த மதிப்பில் 70 சதவீதம். இருவருக்கு மேற்பட்டால் முதன்மைக் கட்டுரையாளருக்கு 70 சதவீதம். ஏனையோர் ஒவ்வொருவருக்கும் 30 சதவீதம். இதன்படி 10 மதிப்பெண் பெறும் கட்டுரையைத் தனியாக எழுதியவருக்குப் பத்தும் கிடைக்கும். மூவர் எழுதினால் 7, 3, 3 எனக் கிடைக்கும். நான்காவது, ஐந்தாவது பெயர்களைச் சேர்த்தாலும் முன்னவர் எவருக்கும் ஓர் எண்ணும் குறைவதில்லை. புதிதாகச் சேர்பவருக்கோ 3 மதிப்பெண் கிடைக்கிறது. கொடுப்பவருக்கு இழப்பு இல்லாத நன்கொடை எளிதில் வழங்கப்படுவது இயல்பே. எண்ணிக்கையை அளவுகோலாகக் கொள்ளும் எந்த முறையும் இத்தகைய வழிகளைத் திறந்துவிடும் என்பதை நிருவாகத்தினர் மனங்கொள்ளுதல் நலம்.

இதே தேவையிலிருந்தே, பணம் பெற்றுக்கொண்டு முறையான மதிப்பீடு இன்றிக் கட்டுரைகளை வெளியிடும் போலி ஆய்விதழ்களும் பெருகின. மானியக் குழு 2018-ம் ஆண்டு மே மாதத்தில் தன் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை நீக்கியது. பின்னர் உருவாக்கிய தரப் பட்டியலையும் 2025-ம் ஆண்டில் கைவிட்டு, இதழ்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை உயர்கல்வி நிறுவனங்களிடமே விட்டது. முனைவர் பட்டத்துக்கு முன் ஒரு கட்டுரையேனும் வெளியிட வேண்டும் என்ற கட்டாயமும் 2022-ம் ஆண்டு ஒழுங்குமுறையில் நீக்கப்பெற்றது.

விதிகளும் அவற்றின் எல்லையும்

எழுத்துத் திருட்டைத் தடுப்பதற்கான மானியக் குழுவின் ஒழுங்குமுறை 2018-ம் ஆண்டில் வெளியாயிற்று. ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு காணப்படும் ஒப்புமை 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 வரை இருந்தால், ஆறு மாதங்களுக்கு மிகாத காலத்தில் திருத்திய ஆய்வேட்டை அளிக்க வேண்டும். 40-க்கு மேல் 60 வரை இருந்தால் ஓராண்டுக் காலம் திருத்திய ஏட்டை அளிக்க இயலாது. 60-ஐத் தாண்டினால் பதிவே நீக்கப்பெறும். மேற்கோள் குறியோடு உரிய முறையில் எடுத்தாளப்பட்ட பகுதிகள் இக்கணக்கில் சேரா.

இவ்விதிகள் தேவையானவையே. எனினும் ஒப்புமை காணும் கணிப்பொறி சொற்களை மட்டுமே எண்ணுகிறது. பிறருடைய கருத்தைச் சொல் மாற்றி எழுதுவதை அது எளிதில் அறியாது. உழைக்காதவரின் பெயர் மேலே நிற்பதையோ, உழைத்தவரின் பெயர் விடுபட்டதையோ அதனால் அறியவே இயலாது. 9 சதவீத ஒப்புமை பெற்ற கட்டுரை நேர்மையான கட்டுரை என்று கொள்வது தவறாகும். கட்டுரை எழுதும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இச்சிக்கலை மேலும் பெருக்கியுள்ளன. அத்தகைய கருவி தன் கூற்றுக்குப் பொறுப்பேற்க இயலாது. ஆதலின் அதனைக் கட்டுரையாளராகக் குறித்தல் கூடாது என்றும், பயன்படுத்தியிருந்தால் அதனை வெளிப்படையாகக் கூறவேண்டும் என்றும் மேற்கூறிய பன்னாட்டுக் குழு 2023-ம் ஆண்டில் அறிவித்தது.

செய்யத் தக்கவை

முதலாவதாக, பெயர்களின் வரிசை ஆய்வு தொடங்கும்போதே பேசப்பட்டு எழுத்தில் பதிவாக வேண்டும். பணியின் போக்கில் பங்கு மாறினால், அனைவரும் அறிய வரிசையையும் மாற்றலாம். முடிவுகள் வந்த பின்னர் எழும் பூசல்களில் பெரும்பாலானவை இதனால் தவிர்க்கப்படும்.

இரண்டாவதாக, ஒவ்வொருவரும் செய்தது யாது என்பதைக் கட்டுரையிலேயே குறித்தல் வேண்டும். கருத்தாக்கம், தரவுத் திரட்டல், பகுப்பாய்வு, முதல் வரைவு, மேற்பார்வை என்றவாறு 14 வகைப் பங்குகளைக் கொண்ட முறை ஒன்று உலகின் பல ஆய்விதழ்களில் பின்பற்றப்படுகிறது.

மூன்றாவதாக, நாளிட்ட ஆய்வுக் குறிப்பேடு ஒழுங்காகப் பேணப்பட வேண்டும். முடிவின் உண்மையை மெய்ப்பிப்பதும், உழைத்தவரின் உரிமையைக் காப்பதும் அதுவே. பின்னர் பிழை தெரியவந்தால், திருத்தம் வெளியிடுவதோ கட்டுரையைத் திரும்பப் பெறுவதோ இழிவன்று, மறைப்பதே இழிவு.

நான்காவதாக, மாணவர் அச்சமின்றி முறையிடுவதற்கு வழிகாட்டிப் பேராசிரியரைச் சாராத ஓர் அமைப்பு ஒவ்வொரு நிறுவனத்திலும் இயங்க வேண்டும். 2018-ம் ஆண்டு ஒழுங்குமுறை துறை அளவிலும் நிறுவன அளவிலும் கல்வி நேர்மைக் குழுக்களை அமைக்கப் பணித்துள்ளது. அக்குழுக்கள் எழுத்துத் திருட்டோடு பெயர் உரிமை பற்றிய முறையீடுகளையும் கேட்டுத் தீர்க்குமாறு செய்வது பயனளிக்கும். இறுதியாக, தேர்வுக் குழுக்கள் கட்டுரைகளை எண்ணுவதை விடுத்து, விண்ணப்பதாரர் தாமே தெரிந்தெடுத்த சிலவற்றைப் படித்து, அவற்றில் அவருடைய பங்கைப் பற்றி வினவ வேண்டும். தாம் செய்த ஆய்வை ஒருவரால் தயக்கமின்றி விளக்க இயலும். பெயர் மட்டும் தந்தவரால் இயலாது.

நம் நாட்டில் ஆய்வுக்காகச் செலவிடப்படும் தொகையில் பெரும்பகுதி பொதுமக்களின் வரிப்பணமாகும். அதன் பயன் அவர்களை வந்தடைய வேண்டுமானால், வெளியிடப்படும் முடிவுகள் நம்பத்தக்கனவாக இருத்தல் வேண்டும். டாக்காவிலிருந்து வந்த அறிமுகமற்ற கட்டுரைக்கு ஐன்ஸ்டைன் அளித்த மதிப்பை, நம் துறைகளில் பணியாற்றும் முதலாண்டு ஆய்வு மாணவரின் உழைப்புக்கும் அளிப்பதே அந்த நம்பகத்தன்மையின் தொடக்கமாகும்.