டாரதி கண்டது கனவா?

அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில், மாமா அத்தையிடம் வளரும் சிறுமி டாரதி. சூறாவளி அவளை வீட்டோடு தூக்கிப்போய் 'ஆஸ்' என்ற மாய நாட்டில் இறக்குகிறது. இது எல். பிராங்க் பாம் 1900-ல் எழுதிய நாவல். 1939-ல் எம்.ஜி.எம். நிறுவனம் ஜூடி கார்லண்டைக் கதாநாயகியாக்கிப் படமெடுத்தது.

நாவலில் அவளுக்குக் கிடைப்பது வெள்ளிக் காலணி; படத்தில் மாணிக்கச் சிவப்பு. டெக்னிகலர் படமாயிற்றே, பளிச்சென்று தெரிய வேண்டாமா! நாவலில் மரகத நகரம் பச்சையாகத் தெரியக் காரணம், எல்லோருக்கும் மாட்டிவிடும் பச்சைக் கண்ணாடி. அந்தக் குறும்பு படத்தில் இல்லை.

இவை போகட்டும். படத்தின் முடிவில் டாரதி கட்டிலில் கண் விழிக்கிறாள், எல்லாம் கனவாம்! பார்க்க இனிமைதான். ஆனால் பாமின் கதையில் ஆஸ் நிஜமான நாடு. அவள் திரும்பி வரும்போது மாமா வேறு வீடு கட்டி முடித்திருக்கிறார்.

ஏழை விவசாயிக்கு அதற்குப் பணம் ஏது? 1910-ல் வந்த தொடர் நாவலில் பாம் அதைச் சொல்கிறார். பண்ணையை அடமானம் வைத்துக் கட்டிய வீடு அது. கடனை அடைக்க முடியவில்லை. பண்ணை கைவிட்டுப் போகிறது. டாரதி மாமாவையும் அத்தையையும் ஆஸுக்கே அழைத்துப்போய்க் குடிவைக்கிறாள்.

படத்தில் சூறாவளி ஓய்ந்ததும் பழைய வீடு அப்படியே நிற்கிறது. மாமா கடன் வாங்க வேண்டிய அவசியமே வரவில்லை.