கோலி (மென்பொருள்)

இக்கட்டுரை கணினி மென்பொருளைப் பற்றியது. கோலிக்குண்டு விளையாட்டைப் பற்றியதன்று.

கோலி என்பது சிற்றறைத் தன்னியக்கிகளைத் தனிநபர் கணினியில் இயக்கி ஆராய உதவும் கட்டற்ற மென்பொருள் ஆகும். இதனை ஆண்ட்ரூ ட்ரெவோரோ, தோமஸ் ரொக்கிக்கி ஆகியோர் தொடங்கினர். முதற் பதிப்பு 2005 ஆம் ஆண்டு வெளிவந்தது. குனூ பொது உரிமத்தின் கீழ் வழங்கப்படும் இது, விண்டோஸ், மாக், லினக்ஸ் ஆகிய இயங்குதளங்களில் செயற்படும்.

பின்னணி

சிற்றறைத் தன்னியக்கி என்பது, பெரும்பாலும் சதுரக் கட்டங்களாலான ஒரு தளமும், அக்கட்டங்களின் நிலையைத் தலைமுறைதோறும் மாற்றும் ஒரு விதியும் சேர்ந்ததாகும். இவற்றுள் புகழ்பெற்றது, கணிதவியலாளர் ஜான் கான்வே உருவாக்கி 1970 இல் பரவலாக அறியப்பட்ட வாழ்க்கை விளையாட்டு. இதில் ஒவ்வொரு கட்டத்திற்கும் எட்டு அண்டைக் கட்டங்கள் உண்டு. அவற்றுள் இரண்டு அல்லது மூன்று உயிருடன் இருந்தால் உயிருள்ள கட்டம் பிழைக்கும், சரியாக மூன்று உயிருடன் இருந்தால் வெற்றுக் கட்டம் உயிர்பெறும், மற்றவை வெறுமையாகும்.

விதி எளியது, விளைவு எளியதன்று. ஆர்-பென்டோமினோ எனப்படும் ஐந்து கட்ட உருவம் அடங்குவதற்கு 1103 தலைமுறைகள் ஆகின்றன. கணினி செய்யக்கூடிய எக்கணக்கையும் இவ்விளையாட்டிற்குள்ளேயே செய்ய இயலும் என நிறுவப்பட்டுள்ளது. எனவே, ஓர் உருவம் இறுதியில் அழியுமா, நிலைக்குமா என்பதை எல்லா உருவங்களுக்கும் முன்கூட்டியே சொல்லும் பொதுவான முறை ஏதும் இல்லை. பெரும்பாலும் ஓட்டிப் பார்ப்பதே வழி. ஆதலால் ஓட்டும் வேகம் இத்துறையில் முதன்மையானது.

செயற்படும் முறை

கோலியின் சிறப்பு, பில் காஸ்பர் 1984 இல் வெளியிட்ட ஹேஷ்லைஃப் எனும் படிமுறையாகும். ஒரு கட்டத்தின் தாக்கம் ஒரு தலைமுறையில் ஒரு கட்டத் தொலைவுக்கு மேல் செல்லாது. ஆகவே 16×16 சதுரம் ஒன்று தெரிந்தால், அதன் நடுவிலுள்ள 8×8 பகுதி நான்கு தலைமுறைகளுக்குப் பின் எவ்வாறிருக்கும் என்பதை, வெளியில் என்ன இருப்பினும், உறுதியாகக் கணிக்கலாம். கணித்த விடை நினைவகத்தில் வைக்கப்படும். அதே சதுரம் மீண்டும் எங்கு, எப்போது தோன்றினாலும் கணக்கிடாமல் அவ்விடையே எடுத்தாளப்படும். சதுரம் இருமடங்காகும்போது தாண்டும் தலைமுறைகளும் இருமடங்காகின்றன. இதனால் ஒழுங்குள்ள உருவங்களில் பல கோடித் தலைமுறைகளைச் சில நொடிகளில் கடக்கலாம்.

ஒழுங்கின்றிச் சிதறும் உருவங்களில் இம்முறை பயன்தராது. ஒரே சதுரம் மீண்டும் வருவது அரிதாகையால் நினைவகம் மட்டுமே நிரம்பும். அத்தகையவற்றுக்குக் குயிக்லைஃப் எனும் வேறு படிமுறையைப் பயனர் தெரிவு செய்யலாம்.

பயன்பாடுகள்

2006 இல் பிரைஸ் டியூ அமைத்த மெட்டாபிக்சல், 2048×2048 கட்டங்களால் ஆனது. அது முழுவதும் சேர்ந்து ஒரே கட்டம்போல் இயங்கும். இத்தகைய பலவற்றை அடுக்கினால், வாழ்க்கை விளையாட்டிற்குள் மற்றொரு வாழ்க்கை விளையாட்டைக் காணலாம். 2010 இல் ஆண்ட்ரூ வேட் அறிவித்த ஜெமினி, தன்னையே மீண்டும் கட்டிக்கொண்டு பழைய உருவை அழித்தபடி நகர்வது. ஒரு சுற்றுக்கு 3,36,99,586 தலைமுறைகள் ஆகும். ஒவ்வொரு கட்டத்தையும் தலைமுறைதோறும் கணக்கிட்டு இவற்றைக் காண்பது மிகக் கடினம்.

வான் நியூமனின் 29 நிலைத் தன்னியக்கி, வயர்வேர்ல்டு முதலிய பிற விதிகளையும் கோலி இயக்கும். ஒரு கட்டத்திற்கு 256 நிலைகள் வரை அமையலாம். லூவா, பைத்தான் மொழிகளில் நிரல் எழுதி உருவங்களை ஆக்கவும் தேடவும் இயலும்.