பென்சிலின் ஒத்துக்கொள்ளுமா?

மூன்றாம் ஆண்டு பி.எஸ்ஸி. (விலங்கியல்) மாணவி

மருத்துவமனையில் ஊசி போடும் அறைக்குள் நுழைந்த எவரும் ஒரு கேள்வியைக் கேட்டிருப்பார்கள். "ஏதாவது மருந்து ஒத்துக்காதா?" என்பதே அது. நம்மில் பெரும்பாலோர் யோசிக்காமலேயே, "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்று சொல்லிக் கையை நீட்டிவிடுகிறோம். இன்னும் சிலர், என்றோ யாரோ சொன்னதை நம்பி, "பென்சிலின் ஒத்துக்காதுங்க" என்கிறோம். ஆராயாமல் சொன்னால் இவ்விரண்டு விடைகளுமே ஆபத்தானவை. முதல் விடையின் ஆபத்து எல்லோருக்கும் தெரியும். இரண்டாவது விடையின் ஆபத்தை எங்கள் வீட்டில்தான் நான் கற்றுக்கொண்டேன். அதை எல்லோரும் அறிய வேண்டும் என்ற எண்ணமே இக்கட்டுரைக்குக் காரணம்.

சிவப்பு மையில் ஒரு வரி

என் தம்பிக்கு ஆறு வயதிருக்கும்போது தொண்டை வலிக்கு அமாக்சிசிலின் மருந்து கொடுத்தார்கள். அது பென்சிலின் குடும்பத்தைச் சேர்ந்தது. இரண்டு நாள் வயிற்றுப்போக்கு ஏற்பட்டது. தானே நின்றும் போயிற்று. அடுத்த முறை மருத்துவரிடம் சென்றபோது அம்மா, "அந்த மருந்து இவனுக்கு ஒத்துக்கலைங்க" என்றார். சீட்டின் மேல் சிவப்பு மையில் 'பென்சிலின் அலர்ஜி' என்று எழுதப்பட்டது. அதன் பிறகு சீட்டுகள் மாறின, மருத்துவர்கள் மாறினார்கள். அந்த ஒரு வரி மட்டும் மாறாமல் ஒவ்வொரு சீட்டுக்கும் தாவிக்கொண்டே வந்தது.

அவனுக்குப் பதினோரு வயதானபோது முழங்கால் வீங்கியது. அது வடிந்ததும் கணுக்கால் வீங்கியது. கூடவே காய்ச்சலும் இருந்தது. ருமாட்டிக் காய்ச்சல் என்றும், இதய வால்வு ஒன்று சற்றுப் பழுதுபட்டிருக்கிறது என்றும் சொன்னார்கள்.

ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் பாக்டீரியா தொண்டையில் புண் உண்டாக்கும்போது, அதை எதிர்க்க உடல் எதிர்ப்பொருள்களைத் தயாரிக்கிறது. சிலரிடம் இந்த எதிர்ப்பு வழிதவறி, தன் இதயத்தையும் மூட்டுகளையுமே தாக்கிவிடுகிறது. மூட்டு வீக்கம் வடிந்துவிடும். வால்வில் விழுந்த வடு நிலைத்துவிடலாம். மீண்டும் ஒருமுறை அந்தத் தொண்டைப்புண் வந்தால் வடு மேலும் ஆழமாகும். அதைத் தடுக்கவே மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கு ஒருமுறை பென்சாத்தின் பென்சிலின் ஊசி பல ஆண்டுகள் போடப்படுகிறது. வால்வு மிகவும் பழுதுபட்டவர்களுக்கு நாற்பது வயது வரையிலும், அதற்கு மேலும்கூடத் தேவைப்படலாம்.

தம்பிக்கு அந்த ஊசி கிடைக்கவில்லை; சிவப்பு வரி குறுக்கே நின்றது. ஆகவே எரித்ரோமைசின் மாத்திரையை நாள்தோறும் இரண்டு வேளை சாப்பிடச் சொன்னார்கள். விளையாட்டுப் பிள்ளை; ஊர்த் திருவிழா, பரீட்சை என்று மாத்திரை பல நாள் தவறியது. இரண்டாம் ஆண்டில் தொண்டை வலியும் காய்ச்சலும் திரும்பி வந்தன. வால்வின் கசிவு முன்னைவிட அதிகமாயிற்று.

வரமாய் வந்த பூஞ்சணம்

1928-ஆம் ஆண்டு லண்டன் செயின்ட் மேரி மருத்துவமனையில், அலெக்சாண்டர் ஃபிளெமிங் பாக்டீரியா வளர்த்த தட்டு ஒன்றில் தற்செயலாகப் பெனிசிலியம் என்னும் பூஞ்சணம் வளர்ந்தது. அதைச் சுற்றியிருந்த பாக்டீரியாக்கள் அழிந்திருப்பதை அவர் கண்டார். ஆக்ஸ்ஃபோர்டில் ஃபுளோரியும் செயினும் அவர்களுடைய குழுவினரும் அதை மருந்தாக்கினர். 1941-இல் ஆல்பர்ட் அலெக்சாண்டர் என்ற காவலருக்கு அது கொடுக்கப்பட்டது. சாகும் நிலையிலிருந்தவர் சில நாட்களில் தேறினார். ஆனால் இருந்த மருந்து அவ்வளவுதான். அவருடைய சிறுநீரிலிருந்துகூட மருந்தைப் பிரித்தெடுத்து மீண்டும் செலுத்திப் பார்த்தார்கள். அதுவும் தீர்ந்தபின் அவர் இறந்துபோனார். 1945-இல் ஃபிளெமிங், ஃபுளோரி, செயின் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. நம் நாட்டில் 1954-இல் பூனாவை அடுத்த பிம்ப்ரியில் இந்துஸ்தான் ஆண்டிபயாட்டிக்ஸ் நிறுவனம் தோன்றியது.

மருந்து இல்லாமல் ஒருவர் இறந்தது அக்காலம். மருந்து கையருகே இருந்தும், தவறாக எழுதப்பட்ட ஒரு வரியால் அது எட்டாமற் போவது நம் காலத்தின் வேடிக்கை.

ஒவ்வாமை என்பது என்ன?

1902-இல் பிரெஞ்சு அறிவியலார் ரிஷேயும் போர்ட்டியரும், கடல் அனிமோனின் நஞ்சைச் சிறிதளவு நாய்களுக்குச் செலுத்தி ஆராய்ந்தார்கள். முதல் ஊசியைத் தாங்கிய நாய், சில வாரங்கள் கழித்து மீண்டும் சிறிதளவு செலுத்தியதும் நிமிடங்களில் விழுந்து இறந்தது. பாதுகாப்பு வளரும் என்று எதிர்பார்த்த இடத்தில் பகை வளர்ந்திருந்தது. இதற்கு 'அனாஃபிலாக்சிஸ்' என்று பெயரிட்டார்கள். 1906-இல் வியன்னா மருத்துவர் பிர்க்கே 'அலர்ஜி' என்ற சொல்லை உருவாக்கினார்.

பென்சிலினிலும் நடப்பது இதுவே. அது மிகச் சிறிய மூலக்கூறு. இரத்தப் புரதங்களோடு அது ஒட்டிக்கொள்ளும்போது, சிலருடைய உடல் அதைப் பகைவனாக எண்ணி 'ஐ.ஜி.இ.' என்னும் எதிர்ப்பொருளை உண்டாக்குகிறது. அது 'மாஸ்ட்' செல்களின் மேல் அமர்ந்து காத்திருக்கும். அடுத்த முறை மருந்து வந்ததும் அச்செல்கள் உடைத்துக்கொண்டு ஹிஸ்டமின் முதலிய பொருள்களைக் கொட்டுகின்றன. இரத்தக் குழாய்கள் விரிகின்றன. இரத்த அழுத்தம் வீழ்கிறது. மூச்சுக் குழல்கள் சுருங்குகின்றன. "போன தடவை ஒண்ணும் ஆகலையே" என்பது முழு உறுதியாகாது என்பதற்குக் காரணம் இதுதான்.

எது ஒவ்வாமை, எது அன்று?

மருந்து உட்சென்ற சில நிமிடங்களிலிருந்து ஓரிரு மணி நேரத்துக்குள் காணாக்கடி போன்ற தடிப்பும் அரிப்பும், உதடு முகம் வீங்குதலும், மூச்சுத் திணறலும், மயக்கமும் வந்தால் அது உடனடி ஒவ்வாமை, அஞ்ச வேண்டியது.

சில நாட்கள் கழித்துத் தோலில் சிவந்த பொரிகள் மட்டும் வருவது வேறு வகை. பெரும்பாலும் தானே மறையும். சிறுவர்களுக்குக் காய்ச்சலை உண்டாக்கிய வைரஸே அதற்குக் காரணமாகவும் இருக்கலாம். ஆனால் தோல் உரிந்தாலோ, வாயிலும் கண்ணிலும் புண் வந்தாலோ அது கொடியது. அம்மருந்தை மறுபடி தொடவே கூடாது.

வயிற்றுப்போக்கு, குமட்டல், வாய்க்கசப்பு ஆகியவை மட்டும் வந்தால் அவை பக்க விளைவுகள். ஒவ்வாமை ஆகா.

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் தரும் கணக்கு சிந்திக்கத் தக்கது. அந்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேர் தமக்குப் பென்சிலின் ஒவ்வாமை இருப்பதாகச் சொல்கிறார்கள். முறையாகச் சோதித்துப் பார்த்தால், மொத்த மக்களில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவானவருக்கே அது உண்மையில் இருக்கிறது. உண்மையான உடனடி ஒவ்வாமை உள்ளவர்களிலும் நூற்றுக்கு எண்பது பேருக்குப் பத்தாண்டுகளில் அது நீங்கிவிடுகிறது.

சோதனை ஊசி

'டெஸ்ட் டோஸ்' என்று நாம் சொல்லும் சோதனையில், நீர்த்த மருந்தை முன்கைத் தோலுக்குள் மிகச் சிறிதளவு செலுத்தி, பதினைந்து இருபது நிமிடம் கழித்துப் பார்க்கிறார்கள். அங்கே தடித்துச் சிவந்தால் மருந்து நிறுத்தப்படும். தடிக்காவிட்டாலும் அது நூற்றுக்கு நூறு உறுதியன்று. எனவே முழு ஊசிக்குப் பிறகும் அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும். பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று ஓடிவிடுவது தவறு.

எங்கள் பெரியப்பா இதற்குச் சாட்சி. முன்பு ஒரு மாத்திரையால் உடம்பெல்லாம் தடித்ததை அவர் பெரிதாக நினைக்கவில்லை, கேட்டபோது சொல்லவுமில்லை. ஊசி போட்ட ஐந்தாவது நிமிடம் வியர்த்துச் சாய்ந்தார். வாசற்படி தாண்டாமல் இருந்ததால் பிழைத்தார். உடனே தொடையில் போடப்பட்ட அட்ரினலின் ஊசிதான் அவரைக் காப்பாற்றியது. இந்நிலையில் முதல் மருந்து அட்ரினலினே. அரிப்புக்குக் கொடுக்கும் மாத்திரை அதற்கு ஈடாகாது. நோயாளியைப் படுக்க வைத்துக் காலை உயர்த்த வேண்டும். மூச்சுத் திணறினால் சாய்ந்து உட்கார வைக்கலாம். எழுந்து நடக்க விடக் கூடாது.

மூன்று கேள்விகள்

இரண்டாம் முறை காய்ச்சல் வந்தபின் தம்பியை வேறொரு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். வயதான மருத்துவர் ஒருவர் சீட்டைப் பார்த்துவிட்டு அம்மாவிடம் கேட்டார்: "என்ன மருந்தும்மா கொடுத்தாங்க? என்ன ஆச்சு? எவ்வளவு நேரத்துல ஆச்சு?" அத்தனை ஆண்டுகளில் யாரும் அதைக் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. அம்மா சொல்லி முடித்ததும், "இது அலர்ஜியே இல்லம்மா" என்றார். சோதனை செய்தார்கள், கை தடிக்கவில்லை. அன்றே முதல் ஊசி போட்டார்கள். இப்போது இருபத்தொரு நாளுக்கு ஒருமுறை அவன் நொண்டிக்கொண்டே வீடு திரும்புகிறான். அந்த நொண்டல் மறுநாளே சரியாகிவிடும். கசிந்த வால்வு பழையபடி ஆகாது. வெளியே வந்த அம்மா, "என் வாயால வந்த வினை" என்று அழுதார். அது அம்மாவின் குற்றமன்று. கேட்கத் தெரியாமையும் சொல்லத் தெரியாமையும் சேர்ந்த வினை.

ஆகவே தோழர்களே, தோழியரே, வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டுச் சீட்டு எழுதி வைப்போம்:

1. ஒத்துக்கொள்ளாத மருந்தின் சரியான பெயர். 'மஞ்சள் மாத்திரை' என்றால் போதாது.
2. என்ன நேர்ந்தது.
3. மருந்து கொடுத்த எவ்வளவு நேரத்தில் நேர்ந்தது.
4. எந்த ஆண்டு, என்ன சிகிச்சை செய்தார்கள்.

ஒன்றை வலியுறுத்த வேண்டும். இதைப் படித்துவிட்டு எவரும் தமக்கு ஒவ்வாமை இல்லை என்று தாமே முடிவு கட்டி மருந்தை விழுங்கிப் பார்க்கக் கூடாது. சொல்வது நம் கடமை. முடிவு செய்வது மருத்துவர் கடமை.

வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்தார். மருத்துவர், மருந்து, உடனிருந்து கொடுப்பவர் என்ற மூவரோடு நோயாளியையும் ஒரு கூறாக வைத்தார். ஊசிக்கு முன் கேட்கப்படும் அந்தக் கேள்விக்கு நின்று நிதானித்துச் சரியான விடை சொல்வதே அந்த நான்காம் கூறின் வேலை.