முதல் சைக்கிளுக்குப் பெடலே கிடையாது, தெரியுமா?

1817 ஜூன் 12. ஜெர்மனியின் மான்ஹைம் நகரம். இரண்டு சக்கரம் பூட்டிய ஒரு மரச்சட்டத்தில் உட்கார்ந்து, காலால் தரையை உந்தி உந்தி ஊரைத் தாண்டிப் போய்த் திரும்பினார் கார்ல் ஃபான் டிரைஸ். இன்றைய சைக்கிளின் பாட்டன் அந்த வண்டிதான்! பெடல் கிடையாது, செயின் கிடையாது. பெடல் வந்து சேர இன்னும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. இப்போது இரண்டு, மூன்று வயதுக் குழந்தைகளுக்கு 'பேலன்ஸ் பைக்' என்று விற்கிறார்களே, அந்தப் பெடலில்லாத குட்டி வண்டி டிரைஸின் வண்டியேதான். மனிதன் சைக்கிள் கற்றுக்கொண்ட அதே வரிசையில் குழந்தையும் கற்றுக்கொள்கிறது: முதலில் பேலன்ஸ், பிறகுதான் பெடல்!

அந்த பேலன்ஸ் எங்கிருந்து வருகிறது தெரியுமா? உள்ளங்கையில் குச்சியை நிற்கவைத்து விளையாடியிருப்பீர்கள். குச்சி எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே கையை நகர்த்துவோம். சைக்கிளும் அப்படித்தான். இடப்பக்கம் விழப்போனால் ஹேண்டில்பாரை இடப்பக்கமே திருப்ப வேண்டும். விழுகிற பக்கமே திருப்பினால்தான் விழாமலிருக்கலாம்! சுழலும் சக்கரம்தான் வண்டியை நிமிர்த்திப் பிடிக்கிறது என்று பலரும் சொல்வார்கள். அந்தச் சுழற்சி விசையை எதிர்ச்சக்கரங்களால் ரத்து செய்துவிட்டு, ஆளே இல்லாத ஒரு வண்டியை ஓடவிட்டுப் பார்த்தார்கள் விஞ்ஞானிகள். அப்போதும் அது தானாகவே நிமிர்ந்து ஓடியது! 2011ல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு இது.

இங்கேதான் பெற்றோர் செய்கிற இரண்டு தவறுகள் புரியும். ஒன்று, சைடு வீல். அது இருக்கும்வரை வண்டி சாயவே சாயாது. சாயாத வண்டியில் எதைக் கற்றுக்கொள்வது? ஒரு வருஷம் ஓட்டிய குழந்தைகூட, அதைக் கழற்றிய அன்று முதலிலிருந்துதான் ஆரம்பிக்கும்.

இரண்டாவது இன்னும் பெரிது. எங்கள் தெருவில் ஒரு சாயங்காலம் பார்த்தேன். ஆறு வயதுப் பிள்ளை. அப்பா கூடவே ஓடுகிறார், ஒரு கை ஹேண்டில்பாரில். வண்டி வலப்பக்கம் சாய்ந்தது. பிள்ளையின் கை சரியாக வலப்பக்கம் திருப்பப் பார்த்தது. அப்பாவின் கை இறுக்கிப் பிடித்து நேராக்கியது. தொப்பென்று விழுந்தார்கள், இருவரும்! மறுபடி அவர் ஹேண்டிலை விட்டுவிட்டுப் பிள்ளையின் அக்குளுக்குக் கீழே லேசாகப் பிடித்தார். ஏழெட்டு முறை வளைந்து நெளிந்து போன வண்டி, அடுத்த லைட் கம்பம் வரை ஓடிவிட்டது. அப்பா கையை எடுத்து எவ்வளவு நேரமாயிற்று என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியவே தெரியாது!

இதைவிட அதிசயம் ஒன்று உண்டு. ஓடுகிற சைக்கிளை வலப்பக்கம் திருப்ப வேண்டுமென்றால், முதலில் ஹேண்டிலை ஒரு துளி இடப்பக்கம் தள்ளுகிறோம். அப்போதுதான் உடம்பு வலப்பக்கம் சாயும். நாம் எல்லோரும் செய்கிறோம், யாருக்கும் தெரியாது! விமானம் கண்டுபிடித்த ரைட் சகோதரர்கள் அமெரிக்காவின் டேட்டன் நகரத்தில் சைக்கிள் கடை வைத்திருந்தவர்கள். அவர்களில் மூத்தவரான வில்பர்தான் இதைக் கவனித்துச் சொன்னார்.

நம்மூர்க் குரங்கு பெடலை மட்டும் சும்மா நினைக்காதீர்கள். சீட்டு எட்டாத பிள்ளை, வலது காலை பாருக்குக் கீழே நுழைத்து, உடம்பை இடப்பக்கம் தொங்கவிட்டு ஓட்டும். தன் எடையை ஈடுகட்ட வண்டியை வலப்பக்கம் சாய்த்தே நேர்கோட்டில் போகும். இயற்பியல் வாத்தியார் கரும்பலகை முழுக்க எழுத வேண்டிய கணக்கை, வாடகை சைக்கிளின் ஒரு மணி நேரத்துக்குள் போட்டு முடித்த பிள்ளைகள் நம் ஊரில் எத்தனை பேர்!

பிள்ளைகளின் மூளை அப்படி. அமெரிக்கப் பொறியாளர் டெஸ்டின் சாண்ட்லின், ஹேண்டிலை வலப்பக்கம் திருப்பினால் சக்கரம் இடப்பக்கம் திரும்பும் ஒரு சைக்கிளைப் பழகினார். அவருக்கு எட்டு மாதம் ஆனது. அவருடைய சின்னப் பையனுக்கு? இரண்டே வாரம்!

சைக்கிளுக்குக் காற்றடித்த டயர் வந்ததும் ஒரு பிள்ளைக்காகத்தான். பெல்ஃபாஸ்டில் மாட்டு வைத்தியராக இருந்த டன்லப், மகனின் மூன்று சக்கர வண்டி குலுங்காமல் ஓடுவதற்காகச் செய்து பார்த்து, 1888ல் காப்புரிமை வாங்கினார்.

சரி, வரும் ஞாயிற்றுக்கிழமை பிள்ளையின் சைக்கிளை வெளியே எடுங்கள். சைடு வீலைக் கழற்றுங்கள். இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் படும்படி சீட்டை இறக்குங்கள். பெடல்களையும் கழற்றிவிடுங்கள், பெரும்பாலும் 15 எண் ஸ்பேனர் போதும். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: இடது பெடலின் மரை தலைகீழ், மிதிக்க மிதிக்கக் கழன்றுவிடாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. அதைக் கடிகார முள் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும்.