மாருதி விலைக்கு பி.எம்.டபிள்யூ. கார்! பழைய டீசல் சொகுசு கார் வாங்குவோர் உஷார்

சென்னை,

புது மாருதி கார் வாங்கும் காசுக்கு பி.எம்.டபிள்யூ., பென்ஸ், ஆடி கார் கிடைக்கிறது. எல்லாம் 10, 12 வருஷம் ஓடிய டீசல் கார்கள். வெளியே பளபளப்பு, உள்ளே லெதர் சீட்டு, தலைக்கு மேலே கண்ணாடிக் கூரை. புரோக்கர் சாவியைக் கையில் கொடுத்து, "ஒரு ரவுண்டு போயிட்டு வாங்கண்ணே, அப்புறம் பேசலாம்" என்பார். ஆக்சிலேட்டரை மிதித்ததும் கார் பறக்கும். மனசும் கூடவே பறந்துவிடும்.

முன்பு வசதியானவர்கள்தான் இந்தப் பக்கம் வருவார்கள். இப்போது ரெண்டு டாக்சி வைத்து ஓட்டுபவர், கல்யாணத்துக்கு கார் விடுபவர், வெளிநாட்டில் சம்பாதித்து ஊர் திரும்பியவர் என்று சாதாரண ஆட்களும் நகையை அடகு வைத்து, சீட்டு எடுத்து வாங்குகிறார்கள். அதில் பலருக்கு முதல் அதிர்ச்சி ஷெட்டில் காத்திருக்கிறது.

விஷயம் இதுதான். இறங்கியது கார் விலை மட்டுமே, பார்ட்ஸ் விலை இறங்கவே இல்லை. அன்றைக்கு 40 லட்சத்துக்கு விற்ற காரை இன்றைக்கு 9 லட்சத்துக்கு வாங்கலாம். ஆனால் அதற்கு ஒரு டர்போ போட வேண்டும் என்றால், 40 லட்ச ரூபாய் காரின் டர்போவைத்தான் வாங்கியாக வேண்டும். பி.எம்.டபிள்யூ. காரை 2007-ம் ஆண்டில் இருந்து செங்கல்பட்டு பக்கத்தில் மகேந்திரா வேர்ல்டு சிட்டியில்தானே பூட்டுகிறார்கள், பார்ட்ஸ் சீப்பா கிடைக்காதா என்று சிலர் கேட்பது உண்டு. கார் இங்கே பூட்டப்பட்டாலும், உள்ளே இருக்கும் முக்கிய சாமான்கள் பெரும்பாலும் கப்பலில் வந்தவை. விலையும் அந்தக் கணக்குதான்.

புகை வடிகட்டி

இந்தக் கார்களில் அதிகம் பாடாய்ப் படுத்துவது டி.பி.எப். எனப்படும் புகை வடிகட்டி. சைலன்சர் குழாயில் என்ஜினை ஒட்டி இருக்கும். டீசல் எரிந்து வரும் கரியைப் பிடித்து வைக்கும். 2020 ஏப்ரல் 1-ந்தேதி அமலுக்கு வந்த பி.எஸ்.6 டீசல் கார்கள் எல்லாவற்றிலும் இது உண்டு. அதற்கு முன்பே சில வெளிநாட்டு கார்களில் வந்துவிட்டது.

பிடித்த கரியை அது தானாகவே எரித்து சாம்பல் ஆக்கிவிடும். ஆனால் அதற்கு சுமார் 600 டிகிரி சூடு வேண்டும். நிற்காமல் 15, 20 நிமிஷம் ஹைவேஸில் ஓடினால்தான் அந்தச் சூடு ஏறி வேலை முடியும். வடபழனியில் இருந்து தி.நகருக்கு ஊர்ந்துபோய் வரும் காருக்கு அந்தச் சூடு எங்கே கிடைக்கும்? கரி சேர்ந்துகொண்டே போகும். ஒருநாள் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரியும். அதையும் கவனிக்காமல் ஓட்டினால் கார் இழுவை இழந்து மாட்டு வண்டி மாதிரி ஆகிவிடும்.

இதைவிட மோசமான ஒன்று வெளியே தெரியாமல் நடக்கும். கரியை எரிப்பதற்காக என்ஜின் கொஞ்சம் கூடுதல் டீசலைப் பீய்ச்சும். பாதியில் காரை ஆப் செய்தால் எரியாத டீசல் பிஸ்டன் ஓரமாக வழிந்து என்ஜின் ஆயிலில் கலந்துவிடும். ஆயில் குறையாமல் ஏறிக்கொண்டே போகிறது என்றால் சந்தோஷப்படாதீர்கள், அது டீசல் கலந்த ஆயில். தண்ணி மாதிரி ஆன அந்த ஆயிலை நம்பித்தான் நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் டர்போ ஓடுகிறது. டர்போ போச்சு என்று ஷெட்டில் சொல்வார்கள். ஆனால் வினை ஆரம்பித்த இடம் வடிகட்டி.

"அதைக் கழட்டிப் போட்டுட்டு கம்ப்யூட்டர்ல மாத்திவிட்டுடலாம் சார்" என்று சில ஷெட்டுகளில் யோசனை சொல்வது உண்டு. அது சட்டப்படி தவறு. புகை டெஸ்டில் மாட்டும், அடுத்து வாங்குபவரும் கண்டுபிடித்துவிடுவார். வாங்கப்போகும் காரில் ஏற்கனவே யாராவது அப்படிச் செய்திருக்கிறார்களா என்று பார்ப்பது முக்கியம். சைலன்சர் வாய்க்குள் விரலை விட்டுப் பாருங்கள். வடிகட்டி ஒழுங்காக இருக்கும் காரில் கரி அப்பாது.

பி.எஸ்.6 சொகுசு டீசல் கார் பலவற்றில் ஆட்புளூ என்று யூரியா கரைசல் ஊற்ற தனி டேங்க் இருக்கும். அது தீர்ந்துபோனால் "இன்னும் இத்தனை கிலோமீட்டர்தான்" என்று கார் எண்ண ஆரம்பித்துவிடும். கணக்கு முடிந்து ஆப் செய்தால் மறுபடி ஸ்டார்ட் ஆகாது. டீசல் டேங்க் நிறைய டீசல் இருந்தும் நடுரோட்டில் நிற்க வேண்டியதுதான்.

கொரியாவில் தீப்பிடித்த கார்கள்

அடுத்தது ஈ.ஜி.ஆர். என்ஜினில் இருந்து வரும் புகையில் ஒரு பகுதியைக் குளிரவைத்து மறுபடி என்ஜினுக்கே அனுப்பும் அமைப்பு. இதுவும் கரி பிடித்து அடைத்துக்கொள்ளும். இதில் இருக்கும் கூலரில் கூலன்ட் கசிந்தால் ஆபத்தே உண்டு. 2018-ம் ஆண்டு தென் கொரியாவில் பி.எம்.டபிள்யூ. டீசல் கார்கள் அடுத்தடுத்து தீப்பிடித்தன. ஈ.ஜி.ஆர். கூலரில் ஏற்பட்ட கசிவுதான் காரணம் என்று கம்பெனி சொன்னது. அங்கே மட்டும் 1 லட்சத்துக்கும் அதிகமான கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. ஐரோப்பாவிலும் லட்சக்கணக்கில் அழைத்தார்கள்.

அதனால் எந்த கம்பெனி காராக இருந்தாலும், சேசிஸ் நம்பரை அந்த கம்பெனி சர்வீஸ் சென்டரில் கொடுத்து, "இந்த வண்டிக்கு ரீகால் வேலை ஏதாவது பாக்கி இருக்கிறதா?" என்று கேட்டுவிடுங்கள். இருந்தால் காசு வாங்காமல் செய்து தருவார்கள்.

செயின் சத்தம்

2007-ம் ஆண்டில் வந்த பி.எம்.டபிள்யூ.வின் 2 லிட்டர் டீசல் என்ஜினுக்கு என்.47 என்று பெயர். 320 டி, 520 டி கார்களில் இருந்தது. அதில் டைமிங் செயின் முன்பக்கம் இல்லை, பின்பக்கம் கியர் பாக்சை ஒட்டி இருக்கிறது. ஆரம்ப கால என்ஜின்களில் செயின் சீக்கிரம் தேய்ந்துபோகும் என்பது மெக்கானிக் உலகத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை. செயினை மாற்ற வேண்டும் என்றால் என்ஜினையோ, கியர் பாக்சையோ இறக்கியாக வேண்டும். செயின் அறுந்துவிட்டால் வால்வும் பிஸ்டனும் மோதி என்ஜினே காலி.

காலையில் குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்து, பானெட்டின் பின்பக்கம் காதை வையுங்கள். சங்கிலியை இரும்பில் உரசுவது மாதிரி கரகர சத்தம் வந்தால் அந்தக் கார் வேண்டாம். எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம்.

டயருக்கு 32, இன்ஜெக்டருக்கு 29 ஆயிரம்

நாம் டயருக்கு 32 பாயிண்ட் காற்று அடிக்கிறோம். அதே கணக்கில் பார்த்தால், இந்த என்ஜின்களின் இன்ஜெக்டரில் டீசல் பாயும் அழுத்தம் 29 ஆயிரம் வரை போகும். டீசல் வெளியே வரும் ஓட்டை தலைமுடி தடிமன் அளவுதான். கொஞ்சம் தண்ணி கலந்த டீசல், ஒரு மலிவு பில்டர் போதும், கெட்டுப்போக. இன்ஜெக்டர் ஒவ்வொன்றுக்கும் தனி கோடு நம்பர் உண்டு. புதுசு மாட்டினால் அந்த நம்பரை என்ஜின் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். புதுப்பேட்டையிலோ, ஜி.பி. ரோட்டிலோ பழைய இன்ஜெக்டர் கிடைத்துவிடும். அதை ஏற்றிக் கொடுக்க ஆளும், மெஷினும் இருக்கிறதா என்பதையும் முதலிலேயே விசாரிக்க வேண்டும்.

பேட்டரிகூட அப்படித்தான். பல மாடல்களில் புது பேட்டரி மாட்டியதை கம்ப்யூட்டருக்குச் சொல்லாவிட்டால், பழைய பேட்டரி என்று நினைத்து சார்ஜ் ஏற்றி அதன் ஆயுளைக் குறைத்துவிடும்.

ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் ஆயிலை "லைப் டைம், மாத்தவே வேண்டாம்" என்று சொல்லிச் சொல்லியே பலர் கெடுத்து வைத்திருக்கிறார்கள். பி.எம்.டபிள்யூ.வுக்கு கியர் பாக்ஸ் செய்து கொடுக்கும் இசட்.எப். கம்பெனியே 80 ஆயிரம் முதல் 1 லட்சத்து 20 ஆயிரம் கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. யார் பேச்சைக் கேட்பது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஏர் சஸ்பென்ஷன் இருக்கும் கார் என்றால், வாங்கும் முன் ஒரு ராத்திரி நிறுத்திப் பார்ப்பதுதான் டெஸ்ட். காலையில் ஒரு பக்கம் படுத்துக் கிடந்தால் ரப்பர் பலூனில் கீறல். அதை அப்படியே ஓட்டினால் காற்று அடித்து அடித்து கம்ப்ரசரும் புகைந்துவிடும். ஒன்றுக்கு ரெண்டாய் செலவு.

வெள்ளத்தில் முங்கிய கார், டெல்லி கார்

2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிச்சாங் புயல் மழையிலும் சென்னையில் எத்தனை சொகுசு கார்கள் பேஸ்மென்டில் முங்கின என்பதை நாம் கண்ணால் பார்த்தோம். இன்சூரன்ஸ் கம்பெனிகள் அவற்றை ஏலத்தில் தள்ளிவிடும். கழுவி, சென்ட் அடித்து, வேறு ஊரில் விற்பனைக்கு வரும். இந்தக் கார்களில் கம்ப்யூட்டர் பெட்டிகள் சில சீட்டுக்கு அடியிலும் டிக்கியிலும் இருக்கும். தண்ணி போன கார் ஒரு வருஷம் கழித்துக்கூட மக்கர் செய்யும். சீட் பெல்ட்டை முழுசாக வெளியே இழுத்துப் பாருங்கள், சேற்றுக் கோடு தெரியும். சீட்டு நகரும் தண்டவாளத்தில் துரு, கார்ப்பெட்டுக்கு அடியில் மண் வாசனை, இவை பொய் சொல்லாது.

டெல்லி கார்களும் நிறைய வருகின்றன. 10 வருஷம் தாண்டிய டீசல் கார் டெல்லி வட்டாரத்தில் ஓடக்கூடாது என்று 2015-ல் பசுமை தீர்ப்பாயம் உத்தரவு போட்டது. 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதன் பிறகுதான் அங்கே விலை சரிந்தது. 2025-ல் உச்ச நீதிமன்றம் கொஞ்சம் தளர்வு கொடுத்தாலும், பயந்துபோனவர்கள் ஏற்கனவே விற்றுவிட்டார்கள். வண்டி மலிவுதான். ஆனால் அங்குள்ள ஆர்.டி.ஓ. ஆபீசில் என்.ஓ.சி. வாங்கி, இங்கே ஆயுள் வரி கட்டி, தமிழ்நாட்டு நம்பர் போட வேண்டும். 12 மாதத்துக்கு மேல் வெளி மாநில நம்பரில் ஓட்ட முடியாது. அந்தச் செலவையும் சேர்த்துத்தான் விலை பேச வேண்டும்.

மீட்டரைக் குறைப்பது பழைய வித்தை. ஆனால் சொகுசு காரில் ஓடிய கிலோமீட்டர் ஒரு இடத்தில் மட்டும் பதிவாவது இல்லை. சில பி.எம்.டபிள்யூ. மாடல்களில் சாவியிலேயே பதிவாகி இருக்கும். ஸ்கேனர் மாட்டிப் பார்த்தால் மீட்டரில் 60 ஆயிரம், கியர் பாக்ஸ் கம்ப்யூட்டரில் 1 லட்சத்து 70 ஆயிரம் என்று குட்டு வெளிப்படலாம். அந்த பிராண்டுக்கென்றே இருக்கும் ஷெட்டில் சில ஆயிரம் கொடுத்து ஸ்கேன் செய்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். ஸ்கேனுக்கு முன் பேட்டரி வயரைக் கழட்டியிருந்தாலோ, முந்தின நாளே பால்ட்டை அழித்திருந்தாலோ சந்தேகப்படுங்கள். ஒரு 30 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள்.

கார் ஷெட்டில், தவணை வீட்டில்

பைனான்சில் வாங்குபவர்கள் இன்னொரு கணக்கும் போட வேண்டும். பழைய காருக்கு பெரும்பாலும் 'பிளாட்' வட்டிதான். 5 லட்சம், 3 வருஷம், 14 சதவீத பிளாட் என்றால் வட்டி மட்டும் 2 லட்சத்து 10 ஆயிரம். மாதம் 19 ஆயிரத்து 700 ரூபாய்க்கு மேல் கட்ட வேண்டும். உண்மையான வட்டி விகிதம் 24 சதவீதம் வந்துவிடுகிறது. பார்ட்ஸ் ஜெர்மனியில் இருந்து வரும்வரை கார் ஷெட்டில் நிற்கும். தவணை நிற்காது. கார் விலையில் மூணில் ஒரு பங்கு ரொக்கமாகக் கையில் இல்லாதவர் இந்தப் பக்கம் வராமல் இருப்பது நல்லது.

கல்யாண வாடகைக்கு விட்டு கடனை அடைக்கலாம் என்று நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியது: வெள்ளை போர்டு காரை வாடகைக்கு ஓட்டுவது சட்ட விரோதம். அந்த நேரத்தில் விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கிளைமும் கைவிட்டுப் போகும்.

வாங்கியே தீருவது என்றால், "வெள்ளத்தில் மூழ்கவில்லை, பெரிய விபத்து இல்லை, மீட்டர் மாற்றப்படவில்லை" என்று விற்பவரிடம் எழுதி கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பழைய கார் டீலர்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிவு செய்து சான்றிதழ் வாங்க வேண்டும் என்று 2023 ஏப்ரல் 1-ந்தேதி முதல் விதி இருக்கிறது. அந்தச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். கார் கைக்கு வந்த 14 நாளுக்குள் இன்சூரன்சை உங்கள் பெயருக்கு மாற்ற மனு கொடுத்துவிட வேண்டும்.

டீலர் ஏமாற்றினால் 2 வருஷத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். கார் விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. தனி ஆளிடம் நேரடியாக வாங்கிய காருக்கு அங்கே வழக்கு எடுபடாது, போலீஸ் அல்லது சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். புகார் எப்படி எழுதுவது என்று தெரியாதவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் காசு இல்லாமல் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.